முயலை ‘வாங்க’ என்றழைத்த ஃபிட்டர்

கோயம்புத்தூர் ஜில்லாவிலேயே ஒரு முயலிடம் ‘வாங்க, போங்க’ என்று மரியாதையாகப் பேசிய ஒரே மனிதர் எங்கள் ஃபிட்டராகத்தான் இருக்க வேண்டும். பம்ப் கம்பெனியில் ஃபிட்டர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சரவணம்பட்டியில் எங்களுக்கு மேல் போர்ஷனில் தனியாகக் குடியிருந்தார். மூன்று வருடம் பழகியும் அவர் பெயரை நான் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

அவருக்கு ஒரு வழக்கம். யார் வீட்டுக்குப் போனாலும் கதவைத் தட்ட மாட்டார், பெல்லை அமுக்க மாட்டார். உள்ளே யாராவது பேசிக்கொண்டோ சாப்பிட்டுக்கொண்டோ இருந்தால் வாசலிலேயே நிற்பார். நாமாகப் பார்த்து ‘வாங்க’ என்றால்தான் செருப்பைக் கழற்றுவார். ஒருமுறை நானும் மனைவியும் சண்டை போட்டு முடிக்கும்வரை முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறார். சத்தம் அடங்கியதும் தலையை மட்டும் நீட்டி, தண்ணீர் மோட்டார் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார்.

போன வருடம் மனைவி ஒரு முயல் குட்டி வாங்கி வந்தாள். பெயர் பண்டு. மூன்று மாதக் குட்டி, வெள்ளை வெளேரென்று, பார்க்கப் பரம சாது. முதல் வாரம் என் செல்போன் சார்ஜரைத் தின்றது. இரண்டாம் வாரம் மிக்ஸி ஒயர். அடுத்து சோபாவின் ஒரு காலைப் பாதிக்கு மேல் சீவித் தள்ளியது. வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கிறவன் நான். இன்னும் ஒரே ஒரு ஒயர் போனாலும் முயல் இந்த வீட்டில் இருக்காது என்று சொல்லிவிட்டேன். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே போய் ஃபிட்டரைக் கூட்டி வந்தாள்.

வந்தவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஹாலில் குப்புறப் படுத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பண்டுவுக்குப் பின்னாலேயே வயிற்றால் ஊர்ந்தார். கேஸ் சிலிண்டர் போட வந்தவர் வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டு ஓடிப்போனார்.

“இவங்க ஒசரத்துல இருந்து பாத்தாத்தானுங்க கோளாறு எங்கன்னு தெரியும்” என்றார் சோபாவுக்கு அடியிலிருந்து. “கடிக்கறது தப்பில்லீங்க. பல்லு வளந்துட்டே இருக்குது, தேய்க்கோணும். தேய்க்கறதுக்கு நாம ஒண்ணுமே குடுக்கல.”

மறுநாளே வேலை ஆரம்பம். ஹோஸ் பைப்பை நீளவாக்கில் கீறி எல்லா ஒயருக்கும் சட்டை மாட்டினார். பல் தேய்க்க, காங்கேயம் பக்கம் அவருடைய சொந்தக்காரர் மேய்ச்சல் காட்டிலிருந்து காய்ந்த கொழுக்கட்டைப் புல் ஒரு மூட்டை வந்து இறங்கியது. தோண்டுவதற்கென்று அட்டைப்பெட்டி நிறைய கிழித்த பேப்பர். தினமும் காலையும் சாயங்காலமும் கூண்டைத் திறந்து ஓடவிட வேண்டும் என்று எனக்கு உத்தரவு. பண்டு ஒயர்ப் பக்கம் போனால் அதட்டவே மாட்டார். “ஏனுங்க பண்டு, அது வேண்டாமுங்க, இக்கட்ட வாங்க” என்று தன் பக்கம் கூப்பிட்டுப் புல்லை நீட்டுவார். நான் கத்தும்போதெல்லாம் பீரோவுக்கு அடியில் புகுந்துகொள்ளும் முயல், அவரிடம் குதித்துக் குதித்து வரும். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

ஒன்றரை மாதம் ஒரு ஒயர்கூட அறுபடவில்லை.

பிறகு அந்தத் திங்கட்கிழமை. முக்கியமான மீட்டிங் நடுவில் இன்டர்நெட் போயிற்று. மேஜைக்கடியில் குனிந்தால், மோடம் பக்கத்தில் பண்டு உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருந்தது. அவ்வளவுதான். பைப்பைத் தொட்டுப் பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. மேனேஜரிடம் போனில் மன்னிப்புக் கேட்டேன். அடுத்து, பெரியநாயக்கன்பாளையத்தில் தோட்டம் வைத்திருக்கும் நண்பருக்குப் போன் போட்டு முயலை எடுத்துப்போகச் சொன்னேன். வாசலில் ஃபிட்டர் நின்றார். “பேசுங்க, நான் அப்புறமா வாரேனுங்க” என்று போய்விட்டார். மத்தியானம் மறுபடி வந்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். திரும்பிப் போனார். இரண்டு தடவையும் நான் அவரைப் பார்த்தேன். முயலுக்குப் பரிந்து பேச வந்திருக்கிறார் என்று நினைத்து, வேண்டுமென்றேதான் ‘வாங்க’ என்று சொல்லவில்லை.

சாயங்காலம் நண்பர் வந்து பண்டுவை எடுத்துப்போனார். மனைவி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை ஃபிட்டர் வாசலில் நின்றார். உள்ளே கூப்பிட்டேன்.

“மொட்டமாடில இண்டர்நெட் ஒயர அணில் கடிச்சுப்போட்டுதுங்க. கேபிள்காரருக்குச் சொல்லிப்போட்டேன்.”

நேற்றே சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன்.

“நீங்க பேசிட்டிருந்தீங்க. அப்புறம் சாப்புட்டுட்டிருந்தீங்க.”

குத்திக்காட்டவில்லை, நடந்ததைச் சொன்னார். மேஜைக்கடியில் கையை விட்டுத் தடவினேன். பைப்பில் ஒரு பல் தடம்கூட இல்லை. கையில் வந்தது நாலு கொழுக்கட்டைப் புல்.

நண்பருக்குப் போன் போட்டேன். விடியக்காலையில் கூண்டைத் திறந்ததும் வேலிக்கு அடியில் புகுந்து ஓடிவிட்டதாம். நானும் ஃபிட்டரும் என் வண்டியில் போனோம். ஃபிட்டர் சலவை வேட்டியோடு வேலியோரம் குப்புறப் படுத்து, “ஏனுங்க பண்டு, வாங்க” என்று மத்தியானம் வரை கூப்பிட்டுக்கொண்டே ஊர்ந்தார். கடைசியில் நானும் பக்கத்தில் படுத்தேன். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் எங்கே பார்த்தாலும் புல்தான் தெரிந்தது.

பண்டு வரவேயில்லை. ஃபிட்டர் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு சொன்னார்: “நாந்தானுங்க தப்புப் பண்ணிப்போட்டேன். குறுக்க ஒரு வார்த்த பேசியிருக்கோணும்.”

இல்லை, தப்பு என்னுடையது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வண்டியை ஸ்டார்ட் செய்தேன்.

ஃபிட்டர் இப்போது சோமனூரில் மகள் வீட்டில் இருக்கிறார். மீட்டிங் நடுவில் எனக்கு ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு வாசலைத் திரும்பிப் பார்க்கிறேன். யாரும் நிற்பதில்லை. இருந்தாலும், “வாங்க, உள்ள வாங்க” என்று ஒரு தடவை சொல்லிவிட்டுத்தான் மேலே பேசுகிறேன்.