எக்ஸ்ரே எடுத்த தாய்மாமன்

எக்ஸ்ரே எடுத்தால் அந்தக் கதிர் உடம்புக்குள்ளேயே தங்கி, பக்கத்தில் வருகிறவர்கள் மேலெல்லாம் கசியும் என்று தலை நரைக்கும்வரை நம்பிய அறிவாளி நான். என்னைத் திருத்தியவர், மலேசியாவின் ஈப்போ நகரிலேயே மனிதர்களை அலைநீளத்தால் அளந்த ஒரே ஆள்: சிலிபின் பேட்டை 'ஏழலை'.

பௌதிக டியூஷன் எடுப்பவர். சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும். சாப்பாட்டுக் கடையில் தே தாரே என்கிற நுரை டீயை ஆற்றுகிறவரையும் பாடம் நடத்தாமல் விடமாட்டார்.

"மின்காந்த அலை ஏழு வகைலா. ரேடியோ, மைக்ரோவேவ், அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியிற வெளிச்சம், புற ஊதா, எக்ஸ்ரே, காமா. வெற்றிடத்துல எல்லாம் ஒரே வேகம். நீளம் குறையக் குறைய சக்தி ஏறும். மச்சான், நீ ரேடியோ. ரொம்ப நீளம், சக்தி கம்மி. தங்கச்சி, அதான் உன் பொண்டாட்டி, காமா."

என் மனைவி அதைப் பாராட்டு என்று நினைத்து அவருக்கு முறுக்கு கொடுத்தனுப்பினாள்.

புது லாரி கம்பெனி வேலைக்கு நெஞ்சு எக்ஸ்ரே கேட்டார்கள். எடுத்தேன். மறுநாள் குனோங் ராபாட்டில் என் தங்கை வீட்டில், அவள் வெகுகாலம் காத்திருந்து பெற்ற பிள்ளைக்குப் பெயர் சூட்டு விழா. தாய்மாமன் நான்தான் காதில் பெயர் சொல்ல வேண்டும். ராத்திரியே ஒரு சோப்பு முழுவதையும் தேய்த்துக் குளித்தேன். அப்படியும் நம்பிக்கை வராமல், மறுநாள் அவள் வீட்டு வாசல் கேட்டுக்கு வெளியே செருப்புகளோடு நின்றேன்.

"உள்ள வாண்ணே, நல்ல நேரம் போயிரும்," என்றாள் தங்கை.

"இங்கேருந்தே சத்தமா சொல்றேன். பாப்பாவுக்குக் கேக்கும்."

"என் பிள்ளையத் தூக்க உனக்கு மனசு இல்லையாண்ணே?" அவள் கண் கலங்கிவிட்டது.

சாப்பிட வந்த ஏழலையிடம் காரணத்தை முணுமுணுத்தேன். "அலாமாக்," என்று தலையில் அடித்துக்கொண்டு என்னை ஸ்டோர் ரூமுக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார். கைப்பேசி டார்ச்சைப் போட்டு அணைத்தார்.

"வெளிச்சம் எங்க?"

"போச்சு."

"செவத்துல கொஞ்சம் ஒட்டியிருக்கா?"

"இல்ல."

"எக்ஸ்ரேவும் வெளிச்சத்தோட சொந்தக்காரன்தான்லா, சக்தி கூட. சதைக்குள்ள பூந்து போவும், எலும்பு மறிக்கும், படம் விழும். அடிக்கடி எடுத்தா கெடுதல், அது வேற. மிஷின நிறுத்துனா அலையும் முடிஞ்சிச்சு. உன்கிட்ட மிச்சம் இருக்கிறது பயம் மட்டுந்தான்."

"சோப்பு?"

"அது தண்டம்."

பிள்ளையை வாங்கிக்கொண்டேன். காதருகே குனிந்து பெயரைச் சொல்ல ஆரம்பித்தேன். மூன்றாவது தடவை குரல் உடைந்தது. சொல்லி முடிக்கும்வரை ஏழலை என் முதுகில் வைத்த கையை எடுக்கவில்லை.