சூரியக் காற்றுக்கு அனுமதி இல்லை

அலாஸ்காவில் எங்கள் ஊரான ஆர்லெட் க்ரீக்கில் சூரியக் காற்று முன்னறிவிப்பு அலுவலகம் ஒன்று உண்டு. சூரியன் பிளாஸ்மா என்னும் மின்துகள் கூட்டத்தை ஓயாமல் வீசுகிறது. பூமியின் காந்தப்புலம் அதைத் தடுக்கிறது. தடுத்ததா இல்லையா என்பதை இயக்குநர் கிளிஃபர்ட் பிரான்வோல்ட் அவர்கள் தீர்மானிக்கிறார்.

அதற்காகவே வரவேற்பறையில் ஒரு விளக்கு மாட்டியிருந்தார். சூரியக் காற்றோடு வரும் காந்தப்புலம் தெற்கே பார்த்தால் பூமியின் புலத்தோடு பிணைந்து வழி திறக்கும், அப்போது சிவப்பு. வடக்கே பார்த்தால் வழி அடைப்பு, பச்சை. பச்சை எரியும்போது எச்சரிக்கை விடுவது ஒழுங்கீனம் என்று உத்தரவும் போட்டிருந்தார்.

ஜனவரியில் ஒரு நாள், வெளியே மைனஸ் நாற்பது. என்ஜின் உறையாமலிருக்க ஊரில் அத்தனை காரையும் மின்சாரத்தில் சொருகி வைத்திருந்தோம். விளக்கு காலையிலிருந்தே பச்சை. முன்னறிவிப்பாளர் நடீன் மட்டும் பதறிப்போய் இயக்குநரிடம் ஓடினாள். பிளாஸ்மா பூமியின் பக்கவாட்டில் அலையலையாகச் சுருண்டு உள்ளே கசிகிறது, பின்பக்கம் குவிகிறது, புலம் தெற்கே திரும்பினால் குவிந்தது முழுக்க நம் தலையில்தான், மின்கம்பிகளில் பாய்ந்து மின்சாரத்தையே நிறுத்திவிடும் என்றாள். மதியத்துக்குள் சொன்னால் மின்சாரக் கம்பெனி டீசல் ஜெனரேட்டர்களைத் தயாராக வைக்கும். இல்லாவிட்டால் ஊரே இருட்டு, ஹீட்டரும் ஓடாது. வீட்டுத் தண்ணீர்க் குழாயெல்லாம் உறைந்து வெடிக்கும்.

"விளக்கு என்ன காட்டுது?"

"பச்சைதான் கிளிஃப். ஆனா உள்ள வந்துக்கிட்டே இருக்கு."

"ஏம்மா, சாத்தின கதவு வழியா எப்படி வரும்?"

"கதவு வழியா வரல. பக்கத்துச் சந்து வழியா வருது."

"அப்ப அது வரவே இல்ல. நம்ம ஆபீஸைப் பொறுத்தவரை, வர்றதுன்னா கதவு வழியா வர்றதுதான்."

"உள்ள வந்து குவிஞ்சு கிடக்கே, அதை என்னன்னு சொல்றது?"

இயக்குநர் ஆழ்ந்து யோசித்தார். "முன்னாடியே இருந்ததுன்னு சொல்லிடு."

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்று முணுமுணுத்தபடி நடீன் தானே மின்சாரக் கம்பெனிக்குப் போன் போட்டாள். விளக்கு பச்சையா சிவப்பா என்று கேட்டார்கள். உண்மையைச் சொன்னாள். வாழ்த்துச் சொல்லிப் போனை வைத்துவிட்டார்கள்.

ஆனாலும் இயக்குநர் ஈவிரக்கமற்றவர் அல்ல. பிற்பகலில் குழு ஒன்றைக் கூட்டினார். பக்கவாட்டுக் கசிவு நம் அதிகார எல்லைக்குள் வராது என்று குழு கண்டறிந்தது. இருந்தாலும் பெருந்தன்மையாக அதற்கொரு மஞ்சள் விளக்கு மாட்டலாம் என்றது. எலுமிச்சை மஞ்சளா, கடுகு மஞ்சளா என்று வாக்கெடுப்பு நடந்துகொண்டிருந்தபோது புலம் தெற்கே திரும்பியது. சிவப்பு எரிந்தது. எச்சரிக்கையில் கையெழுத்துப் போட இயக்குநர் பேனாவைத் திறப்பதற்குள் அணைந்தும் போனது. ஊர் முழுக்க மின்சாரம் இல்லை.

மறுவாரம் ஊர்க்கூட்டம். உறைந்த காரை வீட்டில் விட்டு நடந்தே வந்தோம், அரங்கு கொள்ளவில்லை. ஒருவழியாக நியாயம் கேட்க ஆள் வந்ததென்று நடீனுக்குக் கண் கலங்கிவிட்டது. பேக்கரிக்கார டோலோரஸ் எழுந்தாள்.

"ஏன் முன்கூட்டியே சொல்லல? அன்னிக்கி கரண்ட் போனப்ப வானம் பூரா துருவ ஒளி பச்சையும் சிவப்புமா ஆடுச்சே! தெரிஞ்சிருந்தா போனைச் சார்ஜ் போட்டு வெச்சிருப்போம்ல? ஒரு படம் எடுக்க முடியல."

"குழாய் வெடிச்சது?" என்றாள் நடீன் மெதுவாக.

"குழாய் வருஷா வருஷம் வெடிக்குது. அந்த மாதிரி வானம் தினமுமா வருது?"

அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. நானும்தான்.