பன்னிரண்டு மருமகள் கம்பெனி

"கம்பெனி பேரு என்ன?"

எல்லைச் சாவடிக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அதிகாரி மூன்றாவது முறையாகக் கேட்டார். ஜிபார் மூன்றாவது முறையாகக் கையிலிருந்த காகிதத்தைக் கண்ணாடியோடு ஒட்டிக் காட்டினாள்.

"காகிதத்தை நான் படிச்சாச்சும்மா. நீங்க வாயால சொல்றது அதோட ஒத்துப்போகுதான்னு பாக்கணும். அடுத்தவங்க சரக்கைத் தூக்கிட்டு வர்றவங்கதான் பேரைக் கேட்டா முழிப்பாங்க."

ஜிபார் முழித்தாள்.

சரக்கு அவளுடையதுதான். அவளும் அவள் தெருப் பெண்கள் பதினொரு பேரும் கிர்கிஸ் நாட்டு பத்கென் பக்கத்துக் கிராமத்தில் மொட்டை மாடியெல்லாம் பரப்பி உலர்த்திய ஆப்ரிகாட். நான்கு பெட்டி மாதிரிச் சரக்கோடு எல்லைக்கு அந்தப் பக்கம் உஸ்பெக் நாட்டு ஃபெர்கானாவில் நடக்கும் பெண் வியாபாரிகள் சந்தைக்குக் கிளம்பியிருந்தாள். அங்கே மஃப்தூனா என்று ஒரு மிட்டாய்த் தொழிற்சாலைக்காரி வருகிறாள். வருஷம் முழுக்கப் பழம் தர இன்றைக்கு ஒரே ஒரு கம்பெனியைத் தேர்ந்தெடுப்பாள். ஜிபாரைத் தேர்ந்தெடுத்தால் பன்னிரண்டு வீட்டு மகசூலுக்கும் வழி பிறந்தது. இல்லையென்றால் சனிக்கிழமை லாரியோடு தரகன் வருவான். "குடுக்கிற விலைக்குக் குடு, இல்லாட்டி மாட்டுக்குப் போடு" என்பான். போன வருஷம் பாதியை மாட்டுக்குத்தான் போட்டார்கள்.

கம்பெனியின் பெயர் தோக்தோசுன். நமக்கென்ன, தாராளமாகச் சொல்லலாம். ஜிபாரால் முடியாது. அது அவள் மாமனார் பெயர். புகுந்த வீட்டுப் பெரியவர் பெயரை மருமகள் வாயால் சொல்வதாவது! இருபத்திரண்டு வருஷமாக ஜிபார் அந்தப் பெயரை உச்சரித்ததில்லை. அடுத்த தெருவில் அதே பெயரில் ஒரு தபால்காரர் இருந்தார். அவரையும் "கடுதாசிக்காரர்" என்றே காலம் தள்ளிவிட்டாள்.

எல்லாம் கணவன் மக்சாத் செய்த கூத்து. பெண்களுக்குத் தொழில் தொடங்க உதவும் அலுவலகத்தில் படிவம் நிரப்பிய அன்று, "நான் எழுதித் தர்றேன்" என்று பேனாவை வாங்கினான். அப்பா மேல் பாசம் பொங்கிவிட்டது. பெட்டிகள் அச்சாகி வந்தபோதுதான் ஜிபார் பார்த்தாள்.

"ஏங்க, இதை நான் எப்படிங்க சொல்லி விப்பேன்?"

"எதுக்குச் சொல்லணும்? அதான் பெட்டியிலேயே எழுதியிருக்கே."

இந்த ஆண்களுக்கு எல்லாமே எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

"சாய்ரா, நீயாவது சொல்லேண்டி" என்று ஜிபார் கூட வந்தவளின் முழங்கையை இடித்தாள்.

"நல்லா இருக்கே! எனக்கு அவர் பெரிய மாமனாராச்சே. நான் மட்டும் சொல்லலாமாக்கும்?"

அப்போதுதான் ஜிபாருக்கு உறைத்தது. பன்னிரண்டு பேரும் ஒரே வம்சத்துக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். கம்பெனியில் ஒருத்தியாலும் கம்பெனி பெயரைச் சொல்ல முடியாது.

சாய்ரா சட்டென்று திரும்பி, பின்னால் நின்ற தர்பூசணி வியாபாரியிடம் காகிதத்தை நீட்டினாள். "அண்ணே, இதைக் கொஞ்சம் சத்தமாப் படிங்க."

"தோக்தோசுன்!" என்று அவன் அடித்தொண்டையில் படித்தான். இரண்டு பெண்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அதிகாரி எழுந்தே விட்டார். "ஓஹோ, முதலாளி நீதானா? பொம்பளைங்களை முன்னால விட்டுட்டுப் பின்னால நிக்கிறியா? வண்டியை ஓரங்கட்டு!"

"ஐயா, என் சரக்கு தர்பூசணி! இவங்க யாருன்னே தெரியாது!"

"தெரியாதவங்க கம்பெனிப் பேரை மட்டும் எப்படிச் சொன்னே?"

தர்பூசணி ஒவ்வொன்றாக இறங்கியது. அவன் ஜிபாரைத் திட்டிய திட்டில் பாதி உஸ்பெக், பாதி ருஷ்யன். சாய்ரா ஓடிப்போய் அவனுக்காக மன்றாட, அதிகாரிக்கு அவள்மேலும் சந்தேகம் வந்து நான்கு பெட்டியையும் பிரிக்கச் சொன்னார்.

கடைசியில் உள்ளேயிருந்து டீக்கோப்பையோடு நரைமீசைக்காரர் ஒருவர் வந்தார். விஷயத்தைக் கேட்டார். ஜிபாரைப் பார்த்தார். "கிர்கிஸ் மருமகளா? விட்டுருப்பா. எங்க வீட்லயும் ஒருத்தி இருக்கா. எங்கப்பாவை முப்பது வருஷமா 'புகைபோக்கி'ன்னுதான் சொல்றா."

எல்லையைக் கடக்கும்போது இரண்டு மணி நேரம் போயிருந்தது.

சந்தைக்குள் நுழைந்ததும் ஜிபாருக்கு அந்த அவமானமெல்லாம் எங்கோ விலகிப்போனது. அவள் அப்படித்தான். பழம் பரப்பிய மாடியில் நின்றாலே போதும், கண் திறந்திருக்கும், ஆள் இருக்க மாட்டாள். இங்கே கூடாரங்கள் மெல்ல ஆடின. சீரகம் வறுபடும் வாசனை. பட்டுத்துணிகள் காற்றில் எழுந்து எழுந்து அமர்ந்தன. யாரோ தூரத்தில் தம்பூர் மீட்டினார்கள். பெட்டியைத் திறந்தால் ஆரஞ்சு நிறப் பழங்கள், உள்ளேயே ஒரு வெயில் எரிவதுபோல. எவ்வளவு அழகாய் உலர்த்தியிருக்கிறோம் என்று அவளுக்கே பெருமையாக இருந்தது.

"இது யாரோட பழம்?"

ஜிபார் நிமிர்ந்தாள். எதிரே வெள்ளைத் தொப்பியில் பருத்த அம்மாள் ஒருத்தி. மஃப்தூனா! வாயில் பழம், மூடிய கண்கள்.

"பேரு சொல்லும்மா. இதைத்தான் காலையிலேர்ந்து தேடறேன்."

சாய்ரா உதட்டைக் கடித்தாள். பன்னிரண்டு வீடும் ஜிபாரின் கண்முன் வந்து நின்றன. பெட்டி பின்பக்கம் காட்டிக்கொண்டிருந்தது. திருப்பலாம், கை வரவில்லை. அப்போது எங்கிருந்தோ, மத்தியானத் தூக்கத்தின் நடுவிலிருந்து வந்த மாதிரி, ஒரு பெயர் நாக்கில் வந்து உட்கார்ந்தது.

"அசில்பெக்" என்றாள்.

"அசில்பெக்! ஆஹா. யாரு அவரு?"

யாரென்று ஜிபாருக்குத் தெரிந்தால்தானே? ஆனால் சொல்லத் தொடங்கியதும் தெரிந்துவிட்டது. "எங்க மலையடிவாரத்துல முதல் ஆப்ரிகாட் மரம் வெச்சவரு. அவர் நடந்து போனா மரம் பூக்கும்னு சொல்வாங்க. குதிரை மேல வருவாரு. சிரிச்சாருன்னா கன்னத்துல குழி விழும். பூ உதிர்ற காலத்துல தோட்டத்துக்கு நடுவுல நின்னாருன்னா எது பூ எது அவருன்னு தெரியாது…"

கடையைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. பக்கத்துக் கடைக்காரி தன் தேனை விற்பதை மறந்து கேட்டாள். சாய்ராவே வாயைப் பிளந்துகொண்டு, "அப்புறம்?" என்றாள்.

அப்புறம் என்ன, மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். ஜிபார் சந்தை முழுக்கக் கேட்கும்படி "அசில்பெக்! அசில்பெக் பழம்!" என்று கூவினாள். சாய்ரா பெட்டிகளின் பழைய பெயர்மேல் காகிதம் ஒட்டிச் சிவப்புப் பென்சிலால் புதுப் பெயர் எழுதினாள். இருபத்திரண்டு வருஷமாக அடைபட்டிருந்த வாய்க்கு அந்தப் பெயர் அவ்வளவு இனித்தது.

சாயங்காலம் மஃப்தூனா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன் பழம்தான். முடிவாயிடுச்சு. மிட்டாய்ப் பெட்டியிலயும் அவர் பேரையே போடப் போறேன். ஆனா ஒண்ணு, நான் ஊரைப் பாக்காம கையெழுத்துப் போட மாட்டேன். வெள்ளிக்கிழமை வர்றேன். அசில்பெக் தோட்டத்தைக் காட்டணும். அவர் குடும்பத்துல யாராவது இருந்தா அவங்களையும் பாக்கணும்."

ஜிபாருக்குக் கனவு கலைந்தது.

வெள்ளிக்கிழமைவரை பன்னிரண்டு பெண்களும் யோசித்தார்கள். ஒருத்தி, மலையிலிருந்து ஒரு குதிரைக்காரனைக் கூட்டி வரலாம் என்றாள். இன்னொருத்தி, அசில்பெக் செத்துவிட்டார் என்று சொல்லிவிடலாம், அழுவதற்கு நான் இருக்கிறேன் என்றாள். செத்தவருக்குச் சமாதி வேண்டுமே என்று மூன்றாமவள் கேட்டாள். சமாதி கட்ட ஆளனுப்பும் வரைக்கும் பேச்சுப் போனது. ஜிபார்தான் தடுத்தாள். மாமனார் மாமியாரிடம் மட்டும் யாரும் மூச்சு விடவில்லை.

மஃப்தூனா விடிந்ததும் வந்து நின்றாள். தோட்டத்தில் பிந்திப் பழுக்கும் மரங்களின் கீழே ஜமுக்காளம் விரித்து ரொட்டியும் பாலாடையும் வைத்திருந்தார்கள். மாமியார் உமுதை தேநீர் ஊற்றினாள். மாமனார் சற்றுத் தள்ளிக் கல்பாக் தொப்பியோடு சேணத்துக்கு வார் தைத்துக்கொண்டிருந்தார். எழுபத்தாறு வயது. யாரிடமும் அதிகம் பேசாத மனுஷர்.

மஃப்தூனா கையை அகல விரித்தாள். "அடடா, என்ன தோட்டம்! எங்கே உங்க அசில்பெக்?"

உமுதையின் கையிலிருந்த கெண்டி கவிழ்ந்தது. பன்னிரண்டு மருமகள்களும் ஆளுக்கொரு மரத்தைப் பார்த்தார்கள். ஜிபார் உண்மையைச் சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தாள். போனால் போகட்டும், பொய்யோடு வரும் ஒப்பந்தம் எத்தனை நாளைக்கு?

அதற்குள் மாமனார் ஊசியைக் கீழே வைத்தார். மெல்ல எழுந்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"நான்தான்" என்றார்.

சிரித்தார். சுருங்கிய கன்னத்தில் குழி விழுந்தது.

மஃப்தூனா ஓடிப்போய் அவர் இரு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அங்கேயே, சேணத்தின் மேலேயே காகிதத்தை விரித்துக் கையெழுத்துப் போட்டாள். மருமகள்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். சனிக்கிழமைத் தரகன் இனி வந்தால் டீ குடித்துவிட்டுப் போகலாம்.

ஜிபாருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பேசாத மனுஷர், சமயத்துக்கு என்னமாய்க் கைகொடுத்துவிட்டார்! மாமியார் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தாள். "அத்தை, பாத்தீங்களா மாமாவை? நான் வாய்க்கு வந்தபடி சொல்லிட்டு வந்த பேரு அது. என் மானத்தைக் காப்பாத்த எவ்வளவு அழகா நடிச்சிட்டாரு!"

உமுதை முகம் செக்கச்செவேலென்று சிவக்க, மருமகளின் காதைப் பிடித்துத் திருகினாள்.

"நடிப்பாவது மண்ணாவது! பெட்டியில இருக்கறது, பிள்ளை தக்கணும்னு எமனை ஏமாத்த அவங்கம்மா ஊருக்குச் சொன்ன பேருடி. நீ எல்லை தாண்டிப் போய் மைக்ல கூவிட்டு வந்ததுதான் அவரோட நிஜப் பேரு, அம்பது வருஷமா தூக்கத்துல உளர்றதைத் தவிர நானே அதைச் சொன்னதில்ல, மத்தியானத்துல எம் பக்கத்துல வந்து படுக்காதேன்னா கேட்டாத்தானே!"