பின்னோக்குத் திட்டம்

உலகத்தில் தொலைநோக்கு உள்ளவர்கள் மலிந்துவிட்டார்கள். பின்னோக்கு உள்ளவர்கள்தான் அரிது. லண்டன் மாநகரில் அத்தகைய ஒருவனாக நான் உயர்ந்த வரலாற்றை, தன்னடக்கம் தடுத்தும் கேளாமல், இங்கே பதிவு செய்கிறேன்.

மனோர் பார்க்கில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு கார் நிற்கிறது. வயது பத்தொன்பது. அது பிறந்த காலத்தில் கார்களுக்குப் பின்பக்கம் கண் வைக்கும் வழக்கம் பரவவில்லை. ஆகவே ஒவ்வொரு முறையும் காரைத் தெருவுக்கு இறக்க, என் மனைவி துசியந்தி பின்னால் நின்று, "விடுங்கோ, விடுங்கோ, காணும்" என்று சொல்வாள். "விடுங்கோ" என்பதை உடனே ஏற்றுக்கொள்வேன். "காணும்", அதாவது போதும் நிறுத்து என்பதை, பரிசீலிப்பேன். பரிசீலனை முடிவதற்குள் பக்கத்து வீட்டு மதில் இரண்டு தடவை வந்து இடித்துவிட்டது.

குற்றம் யாருடையது என்று நடுநிலையோடு ஆராய்ந்தேன். காருடையது என்று தெரியவந்தது. துசியந்தியின் கருத்து வேறு. அது கூட்டக் குறிப்பில் சேர்க்கப்படவில்லை.

கூட்டம் என்றால் 'பின்பக்கக் கண்காணிப்பு ஆலோசனைக் குழு'வின் கூட்டம். எங்கள் வரவேற்பறையில் கூடியது. உறுப்பினர்கள் நானும், மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே பொறியியலாளராகிவிட்ட நண்பர் கமலநாதனும். துசியந்தி தேநீருக்குப் பொறுப்பு. நூற்றிருபது பாகை தெரியும் கமராவா, நூற்றெழுபது பாகையா? வயர் உள்ளதா, இல்லாததா? இலக்கத் தகட்டுக்கு மேலேயா, கீழேயா? இணையத்தில் நானூறு பேரின் அபிப்பிராயங்களை வாசித்தேன். என் இரத்தப் பரிசோதனை அறிக்கையைக்கூட அவ்வளவு கவனமாக வாசித்ததில்லை. குழு முடிவெடுக்க ஏழு வாரம் சென்றது. அதுவரை காரை எடுக்கவில்லை. துசியந்தி மழையில் நின்று பஸ் பிடித்து வேலைக்குப் போனாள்.

முடிவோடு மூவரும் பார்க்கிங் என்ற பக்கத்து ஊருக்குப் போனோம். பார்க்கிங்கில் பார்க்கிங் கிடைக்க அரை மணித்தியாலம். அங்கே கராஜ் வைத்திருக்கும் கிருஷ்ணராசா, சுவிஸில் பன்னிரண்டு வருடம் கார் திருத்திவிட்டு வந்தவர். இரண்டு கமராக்களை மேசையில் வைத்தார். ஒன்று படம் மட்டும் காட்டும். மற்றது, பின்னால் ஏதாவது நெருங்கினால் கீக் கீக் என்று சத்தமும் போடும். சத்தம் போடுவதைத்தான் எடுக்கச் சொன்னார்.

"சத்தம் வேண்டாம்," என்றேன்.

"ஏன் அண்ணை? அதுதானே பாதுகாப்பு."

"வீட்டில ஒராள் இருக்கிறா. அது போதும்."

கிருஷ்ணராசா சிரிக்கவில்லை. "அக்கா சொன்னதைக் கேட்டிருந்தால் எனக்கு இண்டைக்கு வேலை இல்லை, என்ன?" என்றார். தொழில்நுட்பத்துக்கு வெளியே உள்ள கருத்து என்பதால் பதிலளிக்கவில்லை. துசியந்தி சுவரில் தொங்கிய டயர் விளம்பரத்தை வாசித்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை, முருகன் கோயிலில் காருக்கு அர்ச்சனை செய்யப் புறப்பட்டோம். கமலநாதன் முன்னிருக்கையில் ஏறினார். "இனி நீர் பின்னுக்கு நிக்கத் தேவையில்லை," என்று துசியந்திக்கு முறைப்படி ஓய்வு கொடுத்தேன். அவள் சரி என்று வீட்டுக் கதவைப் பூட்டப் போனாள்.

ரிவர்ஸ் போட்டேன். திரை ஒளிர்ந்தது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று கோடுகள்; சிவப்புதான் காருக்கு மிகக் கிட்ட. கவுன்சில் குப்பைத்தொட்டி நடுவழியில் நின்றது. நான் அதை இடித்துவிடக்கூடாதே என்று துசியந்தி வந்து அதை இழுத்துக்கொண்டிருந்தாள். சேலைக் கரையின் சரிகைகூடத் தெரிந்தது. அவள் கையை உயர்த்தினாள். உள்ளங்கை ரேகை தெரிந்தது. வாய் திறந்து மூடியது. பச்சையிலிருந்து மஞ்சளுக்கும், மஞ்சளிலிருந்து சிவப்புக்கும் அவள் வந்துகொண்டிருந்தாள். எவ்வளவு ஒழுங்காகக் காட்டுகிறது என்று வியந்தேன்.

"அண்ணே, அவங்க நிறுத்தச் சொல்றாங்க," என்றார் கமலநாதன்.

பரிசீலித்தேன்.

தொட்டி சரிந்தது. தொட்டியோடு அவளும் சரிந்தாள். இறங்கி ஓடினேன். சேலை முழுக்க நேற்றைய குப்பை. இடது மணிக்கட்டு வேறு பக்கம் திரும்பியிருந்தது. அவள் அழவில்லை, ஏசவுமில்லை. "நான் சொன்னனான்," என்றாள், அவ்வளவு மெதுவாக.

ஆஸ்பத்திரியில் நாலு மணித்தியாலம் காத்திருந்தோம். அவளுக்குத் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கொடுத்தேன். வலது கையால் வாங்கினாள், முகம் பார்க்கவில்லை. டாக்டர் வந்து எலும்பு முறிவு என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, பின்னால் ஆள் நின்றது தெரியவில்லையா என்று கேட்டார்.

வெயில் கண்ணில் அடித்தது என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் துசியந்தி என்னைப் பார்த்தாள்.

"தெரிந்தது," என்றேன். "மிகத் துல்லியமாக."

டாக்டர் குனிந்து எழுதிக்கொண்டார். ஏழு வார ஆராய்ச்சிக்குப் பிறகு நான் தேர்ந்தெடுத்த கமராவின் தரத்துக்கு, இந்த நாட்டில் கிடைத்த முதல் அத்தாட்சிப் பத்திரம் அது: 'சாரதி பார்த்துக்கொண்டே இடித்தார்.'