ஊறுகாய் ஜாடியில் முத்துச் சிப்பி

புகுந்த வீட்டில் மாமியாரைச் சரிக்கட்டிவிடலாம். காபி சூடாக இருந்தால் போதும். கணவரின் தம்பி தங்கையைச் சரிக்கட்டத்தான் சாமர்த்தியம் வேண்டும். அது எனக்கு நிறைய இருப்பதாக நினைத்துக்கொண்டு ஒரு காரியம் செய்தேன். ஐம்பதுகளில் நடந்தது; இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

எட்டயபுரத்திலிருந்து தூத்துக்குடிக்கு வாக்கப்பட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. நாத்தனார் சரோஜாவுக்குப் பதினெட்டு வயது, கொழுந்தன் மணிக்குப் பன்னிரண்டு. இருவரும் ஒரு தடவைகூட அண்ணி முறைக்கு என்னை ‘மதினி’ என்று கூப்பிடவில்லை. ‘இந்தாங்க’, ‘உங்களத்தான்’, அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுக்காக நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. சரோஜாவுக்கு சாட்டின் ரிப்பன் வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் அது கன்றுக்குட்டியின் கழுத்தில் இருந்தது. மணிக்குப் பூவேலை செய்த கைக்குட்டை கொடுத்தேன்; சைக்கிள் செயினைத் துடைத்தான். தாயம் ஆடக் கூப்பிட்டால், என் காய்களை வரிசையாக வெட்டிவிட்டு எழுந்து போய்விட்டான்.

அந்தச் சமயம் பார்த்து முத்துக்குளிப்பு வந்தது. தெருவில் எல்லோரும் பத்து, இருபது என்று சிப்பி வாங்கி வாசலிலேயே கத்தியால் திறந்து பார்த்தார்கள். இவர்தான் (என் வீட்டுக்காரர்) ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார்: “கத்தி வச்சா பொடி முத்து தவறிப் போகும். பெரிய வியாபாரியெல்லாம் நாலஞ்சு நாள் அழுக விட்டுத்தான் கழுவுதான்.” ஊருக்கு வெளியே, திறந்த மணலில் என்பதை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஐம்பது சிப்பி வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் உட்கார்ந்து முத்துத் தேடுவது, கிடைத்தால் அவர்களுக்கே. அதுவரை ரகசியம். அத்தையின் காலி ஊறுகாய் ஜாடியில் சிப்பிகளைப் போட்டு, வாடை வராமலிருக்க மூடியைச் சுற்றி மைதா மாவு பூசி (எத்தனை புத்திசாலி!) வீட்டுக் கூடமான பட்டாசாலையில் இருந்த பரணில் ஏற்றிவிட்டேன். சித்திரை வெயில் வேறு.

மூன்றாம் நாள் வீடு நாற ஆரம்பித்தது. “எலி செத்துக் கெடக்கு” என்றார் அத்தை. கட்டில், பீரோ எல்லாவற்றையும் நகர்த்தித் தேடினார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் சேர்ந்து தேடினேன். என் ஜாடிதான் மாவு பூசியதாயிற்றே!

ஞாயிறன்று, ஸ்ரீவைகுண்டத்திலிருந்து திடீரென்று சரோஜாவைப் பெண் பார்க்க வந்துவிட்டார்கள். நாலு கட்டு ஊதுவத்தி கொளுத்தி அவர்களைப் பட்டாசாலையில் உட்கார வைத்தோம். சரோஜா தலை குனிந்து கேசரித் தட்டுகளைக் கொடுத்தாள். மாப்பிள்ளையின் அம்மா ஒரு வாய் எடுக்கப் போனவர், தட்டையே உற்றுப் பார்த்தார்.

“ஏங்க, இந்த முந்திரி நெளியுதே?”

எல்லோரும் மேலே பார்த்தோம். பரண் பலகை இடுக்கிலிருந்து இன்னொரு ‘முந்திரி’ விழுந்தது. அடுத்த நொடி ‘டப்’ என்று வெடி போட்டதுபோல் ஒரு சத்தம். மூடி பறந்தது. ஐந்து நாள் ஊறிய சிப்பித் தண்ணீர் முழுவதும் பொங்கி, பலகை இடுக்கு வழியாக மாப்பிள்ளையின் அப்பா தலையில் இறங்கியது. மாப்பிள்ளை ஜன்னலுக்கு ஓடி வாந்தியெடுத்தார். செருப்பை மாட்டக்கூட நேரமில்லாமல் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

பரணில் ஏறிய மணி ஜாடியை இறக்கினான். அத்தைக்குத் தன் ஜாடி தெரிந்துவிட்டது.

“ஏளா, எவ பாத்த வேலைளா இது?”

“நான்தான் அத்தை. மூணு பேரும் சேந்து முத்துத் தேடலாம்னு...”

யாரும் திட்டவில்லை, திட்டுவதற்கு வாயைத் திறக்க வேண்டுமே. மாமாதான் மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார்: “நடந்தது நடந்து போச்சு. வாங்கினத வீணாக்காண்டாம். மூணு பேரும் போய்க் கழுவிப் பாருங்க.”

ஆக, நான் போட்ட திட்டம் அப்படியே நடந்தது. புறவாசலில், முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு மூன்று பேரும் குந்தியிருந்தோம். சரோஜாவின் கண்கள் சிவந்திருந்தன. ஒரு பிள்ளையின் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டோமே என்று நினைத்துக்கொண்டே தேய்த்தேன். ஐம்பது சிப்பியையும் கழுவினோம். ஒரு பொடி முத்துகூட இல்லை.

கடைசிச் சிப்பியை எறிந்துவிட்டு சரோஜா என்னைப் பார்த்தாள்.

“மதினி.”

நான் நிமிர்ந்தேன்.

“இனிமே எனக்கு ஒண்ணும் வாங்கித் தராதீங்க.”

“எனக்கும் வேண்டாம் மதினி” என்றான் மணி. துண்டுக்குள் அவன் சிரிப்பது தெரிந்தது. பிறகு அவளும் சிரித்தாள். நான்தான் அழுதேன்.

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பதிலே வரவில்லை. மறு வருடம் சரோஜாவுக்குக் கோவில்பட்டியில் நல்ல இடம் அமைந்தது. நான் கொடுத்த வெள்ளிக் குங்குமச் சிமிழை மணமேடையிலேயே மோந்து பார்த்துவிட்டுத்தான் திறந்தாள்.

போன தை மாதம் அவள் பேரனுக்குக் கல்யாணம். புதுப் பெண்ணிடம் ஒரு சேலைப் பொட்டலம் கொடுத்தேன். முன்பின் என்னைப் பார்த்திராத பெண், இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கி, மெதுவாக மூக்கருகே கொண்டு போனாள்.