அன்னதானத்துக்கு நான் போட்ட வேட்டு

இதை எழுதப் பல வருஷமா எனக்கு மனசு வரலை. பேனாவை எடுப்பேன், கோயில் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டுட்டு மூடி வச்சிடுவேன். பத்தாவதோட நின்னவன் நான், பிழை இருந்தா பொறுத்துக்குங்க.

ஆண்டிமடம் பக்கம் எங்க ஊர். மாரியம்மன் திருவிழா அன்னதானத்துக்குத் தண்ணி என் பொறுப்பு. அன்னிக்கு மத்தியானம் சோறும் சாம்பாரும் தயார். ஆனா குடிக்க, கை கழுவத் தொட்டியில சொட்டுத் தண்ணி இல்லை. கோயில் மோட்டார் 'உம்'முனு முனகுது, ஓடலை.

என்கிட்ட அரியலூர்ல வாங்கின மல்டிமீட்டர் இருந்தது. (ஆயுத பூஜைக்குச் சந்தனம் வச்சதோட சரி.) வாங்கினப்போ கடைக்காரர், "கரண்டு அளக்கணும்னா சிவப்பு ஒயரை இந்த ஓட்டையில சொருகுங்க, அப்புறம்..."னு ஆரம்பிச்சார். பஸ் வந்துடுச்சு, ஏறிட்டேன். அந்த 'அப்புறம்' அரியலூர்லயே நின்னு போச்சு.

"ஏங்க, கலா வரட்டுமே" என்றாள் என் மனைவி செல்வி. கலா அவள் தங்கச்சி. சிமெண்ட் ஆலையில எலக்ட்ரீஷியன்.

"ஆத்தா காரியத்துக்கு ஆத்தாவே துணை" என்று மீட்டருக்குத் திருநீறு பூசி, சிவப்பு ஒயரை அந்த ஓட்டையில சொருகி, ஆம்பியருக்குத் திருப்பி, மோட்டார் பிளக்கைப் பிடுங்கிட்டு ரெண்டு முனையையும் சுவத்துப் பிளக் ஓட்டைகள்ல குத்தினேன்.

டமார்!

மீட்டர் வயிறு வெடிச்சுது. பாதி மீசை கருகிச்சு. மைக் செத்துது. படையல் முடிஞ்சு வேட்டு போட்டாத்தான் எங்க ஊர்ல பந்தி. சத்தம் கேட்டதும் மேளம் முழங்க ஆரம்பிச்சுடுச்சு. "வேட்டு போட்டாச்சு, உக்காருங்க!"ன்னு சனம் இலை முன்னாடி உக்காந்துடுச்சு. வேட்டுக்காரர் மட்டும் தீப்பெட்டியோட, "யோவ், நான் இன்னும் பத்தவே வைக்கலைய்யா!"ன்னு கத்துறார். பூசாரி வெளிய வந்து, "ஆத்தாவுக்கு முன்னாடி யாருடா இலை போட்டது?" என்றார். எல்லார் விரலும் என்னைக் காட்டுச்சு.

அந்த நேரம் கலா வந்தாள்.

"மாமா, மெயினை அணைச்சு, ஒரு ஒயரைப் பிரிச்சு, நடுவுல மீட்டரைச் சேர்த்துத்தான் கரண்டு அளக்கணும். அதுவும் சின்ன லோடுக்கு. நீங்க ரெண்டு ஓட்டைக்கும் பாலம் போட்டுட்டீங்க."

"நடுவுல மீட்டர் இருந்துச்சேம்மா?"

"ஆம்பியர்ல வச்சு அப்படிக் குத்தினா அது மீட்டர் இல்ல மாமா, வெறும் கம்பி."

எரிஞ்சு போன பீஸ் கட்டையை மாத்தி, மோட்டாரைப் போட்டு, தன்னோட கவ்வுற மீட்டரை அதோட ஒத்தை ஒயரைச் சுத்தி மாட்டினாள். கம்பியைத் தொடவே இல்லை. "ரொம்ப இழுக்குது, பம்பு இறுகியிருக்கு." மெயினை அணைச்சு, ஸ்பேனரால அச்சைத் திருப்பி விட்டாள். மறுபடி மெயினைப் போட்டதும் தண்ணி வந்துடுச்சு. படையல் முடிஞ்சு, நிஜ வேட்டும் வெடிச்சு, சனம் சாப்பிட்டுது.

இப்பவும் திருவிழா நோட்டீஸ் அடிக்கும்போது கலா கேட்பாள்: "மாமா, இந்த வருஷம் வேட்டு உங்க உபயமா?"

படிக்கிறவங்க நாலு பேருக்குச் சொல்லுங்க, ஆனா மாத்தாதீங்க. அந்த நேரம் நான் 'ஆத்தா!'ன்னு கத்தினதா ஊர்ல பக்தியாச் சொல்றாங்க. இல்லைங்க. வாயில வந்தது 'செல்வி!'தான். ஆத்தா கோவிச்சுக்கலை.