கை விறைப்புக்கு வந்த மருந்து

அன்று காலை முற்றத்தில் இருந்தவர்கள்: பரமலிங்கம், அவர் மனைவி ஞானாம்பிகை, பக்கத்து வளவுக் கிறகோரி. மூன்று பேர். வேப்பமரத்தடியில் நின்ற மோட்டார் சைக்கிளையும், அதன் கீழே மண் கிளறிய கோழியையும் சேர்த்தால் ஐந்து. பரமலிங்கம் எப்போதும் சேர்த்துத்தான் எண்ணுவார்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு மார்கழி. மறுநாள் திருவெம்பாவை தொடக்கம். பத்து நாளும் விடியமுன் கீரிமலைக் கேணியில் முழுகிக் கும்பிட வேண்டுமென்பது ஞானாம்பிகையின் நேர்த்திக்கடன். ஆறு வருடமாக அது நேர்த்தியாகவே இருந்தது. இளவாலையிலிருந்து அந்த நேரத்துக்குப் பஸ் இல்லை. மோட்டார் சைக்கிள் உண்டு. ஓட்ட ஆளும் உண்டு. ஆனால் அந்த ஆளுக்கு மார்கழிப் பனியில் கை விறைக்கும்.

"பிறேக் பிடிபடாதப்பா. ரெண்டு பேரும் தோட்டக் கிணத்துக்கைதான் போய் விழுவம்," என்பார்.

உண்மையில் விறைக்காது. மார்கழியில் நாலு மணி முதல் ஆறு மணி வரை வருகிற நித்திரை மற்ற நித்திரை போன்றதல்ல. போர்வைக்குள் சூடு ஒரு பூனைக்குட்டியாக வயிற்றோடு ஒட்டிக் கிடக்கும். ஓட்டிலிருந்து பனி சொட்டும். தூரத்தில் சங்கு ஊதும். அது வேறு யாருக்கோ ஊதுகிறது. அந்நேரம் பரமலிங்கம் கட்டிலோடு எழும்பிப் புகையிலைத் தோட்டங்களுக்கு மேலால் மிதந்து போவார். கீழே ஊரெல்லாம் முழுகி நடுங்கிக்கொண்டு நிற்கும். விடியலுக்கு இரண்டு மணித்தியாலம், பத்து விடியலுக்கு இருபது மணித்தியால மிதப்பு. அதில் ஒரு நிமிடத்தைக் கொடுக்கவும் அவர் ஆயத்தமில்லை.

ஞானாம்பிகை சண்டை பிடிக்கவில்லை. நோர்வேயிலிருந்த தம்பிக்குக் கடிதம் போட்டாள்: 'அத்தானுக்குக் கை விறைக்குதாம்.' தம்பி ஒரு பார்சல் அனுப்பினான். மோட்டார் சைக்கிளுக்குப் பூட்டும் கைபிடிகள். உள்ளே மெல்லிய கம்பி ஓடும். பற்றறியில் தொடுத்தால் சூடேறும்.

பார்சலைப் பிரித்தது ஞானாம்பிகை. சுளகில் பரப்பி எண்ணியது பரமலிங்கம். கைபிடி இரண்டு, சுவிச் ஒன்று, வயர் மூன்று, திருகாணி பத்து, கண்ணாடிப் பியூஸ் ஒன்று.

"பதினேழு!" என்று உரத்துச் சொன்னார்.

அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. போட்டவர் அவரேதான். எண்ணித் தொடங்கிய வேலையை எண்ணித்தான் முடிக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் கிடைக்கும்வரை ஒருவரும் சாப்பிடக் கூடாது. ஒருமுறை ஒரு சட்டைப் பொத்தானுக்காகப் பின்னேரம் நாலு மணி வரை இருவரும் பட்டினி கிடந்தார்கள்.

"கராச்சிலை குடுத்தால் கெடுத்துப் போடுவங்கள். நானே பூட்டுறன்," என்றார் பரமலிங்கம்.

பழைய கைபிடி கழரமாட்டேன் என்றது. கிறகோரி சோப்புத் தண்ணீர் எடுக்கத் திரும்பினான். அந்த இடைவெளியில் பியூஸ் சுளகிலிருந்து பரமலிங்கம் உடுத்திருந்த சாரத்து மடிக்குள் போய்ச் சேர்ந்தது.

மிச்சத்தை அவர் வெகு சுத்தமாகப் பூட்டினார். ஒரு திருகாணிகூடச் சரியவில்லை. கிறகோரி உதைத்து எஞ்சினை இயக்கி, சுவிச்சைப் போட்டு, கைபிடியைப் பிடித்துப் பார்த்தான்.

"அண்ணை, பச்சைத் தண்ணி மாதிரிக் கிடக்கு."

"உது நோர்வேச் சாமான், கிறகோரி. அங்கத்தைக் குளிருக்குப் பழகினது. எங்கடை குளிரை அது ஒரு குளிரெண்டே எடுக்காது."

"அப்ப ஐஸ்கட்டி வாங்கி வைச்சுப் பாப்பமோ?"

"நீ சும்மா இரடாப்பா."

ஞானாம்பிகை பெருமூச்சு விட்டாள். "சரி, விடுங்கோ. என்ரை நேர்த்திக்கு இன்னும் காலம் வரேல்லைப் போலை."

பரமலிங்கத்தின் கால் நிலத்தில் படவில்லை. பட்டப்பகலிலேயே மிதக்கத் தொடங்கிவிட்டார்.

"சுளகைத் தாங்கோ, அரிசி புடைக்க வேணும். பூட்டின சாமானை ஒருக்கால் எண்ணிப்போட்டு வாங்கோ, சாப்பிடுவம்."

எண்ணினார். பதினாறு.

"பதினேழெண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"ஓம்... அது ஏதோ சின்னச் சாமானப்பா."

"பொத்தானும் சின்னச் சாமான்தான்."

அவள் சோற்றுப் பானையை மூடிவிட்டு வந்து படியில் இருந்தாள்.

"அக்கா, நான் வீட்டை போகட்டே?" என்றான் கிறகோரி.

"எண்ணேக்கை நீயும் நிண்டனியெல்லோ தம்பி? இரு."

ஒரு மணியாயிற்று. குசினியிலிருந்து முருங்கைக்காய்க் குழம்பு மணத்தது. பசியை அவர் தாங்கினார். பதினாறைத்தான் தாங்க முடியவில்லை. காற்றில் அடிக்கிற பூட்டாத கதவு மாதிரி அது தலைக்குள் அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு பக்கம் இருபது மணித்தியால மிதப்பு. மறுபக்கம் ஒரேயொரு ஒன்று. கடைசியில் அவருடைய கையே மடியை அவிழ்த்தது.

"இஞ்சை... இதுக்குள்ளை விழுந்து கிடந்திருக்கு."

"நல்ல சாமான். தானே நடந்து போய் ஏறியிருக்கு," என்றான் கிறகோரி.

மறுநாள் நாலரை மணி. வீதி தெரியவில்லை; வெள்ளையாகப் பனிப்புகார். இரு பக்கமும் புகையிலைக் கன்றுகள் நித்திரையில் நின்றன. உள்ளங்கை இரண்டிலும் போர்வைச் சூடு. மோட்டார் சைக்கிள் ஓடுகிறதா மிதக்கிறதா என்று பரமலிங்கத்துக்கே விளங்கவில்லை. கட்டிலில் கண்ட அதே கனவுதான். இப்போது பின்னால் ஒருத்தி இருந்தாள். அவர் கண் செருகும் ஒவ்வொரு முறையும் விலாவில் இடித்தாள். கீரிமலை வரும்வரை பதினொரு இடி.

முழுகி, கும்பிட்டு, ஈரத்தலையோடு வந்த ஞானாம்பிகை சேலைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். உள்ளே ஒரு கண்ணாடிப் பியூஸ்.

"தம்பி ரெண்டு அனுப்பினவன். நீங்கள் எண்ணமுதலே ஒண்டை எடுத்து வைச்சனான். உங்களோடை முப்பத்தொரு வருசம் குடும்பம் நடத்திறனெல்லோ."

"அப்ப நேற்று ஏன் எங்களைப் பட்டினி போட்டனீர்?"

"அது உங்கடை சட்டமெல்லோ."

"அப்ப வந்தது... பதினெட்டோ?"

"ஓம்."

பரமலிங்கம் கேணிக்கட்டில் இருந்து, முதலிலிருந்து எண்ணினார். மிச்சம்: பியூஸ் ஒன்று, விடியல் ஒன்பது.